மணிக்கட்டும் படிக்கட்டும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் நண்பர்கள் நால்வர் திருத்தணிக்குப் போயிருந்தோம். மலைமேல் வரை வண்டி போகச் சாலை இருக்கிறது. என்றாலும் 365 படிகளையும் ஏறித்தான் போவதென்று எங்களுக்குள் ஒரு பிடிவாதம். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று படிதோறும் பூசை செய்து பாடிக்கொண்டே ஏறும் திருப்படித் திருவிழாவைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் போனது கூட்டமில்லாத வாரநாள். ஏறும்போது எதையும் பார்க்கவில்லை, மூச்சு வாங்கியது. இறங்கும்போதுதான், அடிவாரத்தை நெருங்கும் இடத்தில், நிழல் பார்த்து உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளைக் கண்டோம். நரிக்குறவப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கலாம். எங்களோடு தமிழிலும், எங்களைத் தாண்டிப் போன ஆந்திரத்துக் குடும்பத்தோடு தெலுங்கிலும், பக்கத்தில் விளையாடிய பேரனோடு எங்களுக்குப் புரியாத தம் சொந்த மொழியிலும் பேசினார். மூன்றையும் பேசும்போது கையை நிறுத்தவில்லை.

அவருக்கு முன்னால் இரண்டு கடைகள் இருந்தன என்று சொல்ல வேண்டும். ஒன்று கம்பியில் தொங்கிய கடை: ருத்திராட்சம், ஸ்படிகம், துளசிமணி, சில ஆண்டுகளாக எல்லோர் கழுத்திலும் ஏறியிருக்கும் கருங்காலி மாலை (அல்லது கருஞ்சாயம் ஏற்றிய ஏதோ ஒரு மரம்). மற்றொன்று அவர் மடியில் விரிந்திருந்த சாயம் போன துண்டு. அதில் கண்ணாடி மணியால் நெய்த கைப்பட்டைகள் ஏழெட்டுக் கிடந்தன. இரண்டு விரல் அகலம். கறுப்பிலும் சிவப்பிலும் கட்டம் கட்டமாக ஓடும் வடிவங்கள்.

எங்களில் ஒருவர் ஒன்றை எடுத்து விலை கேட்டார்.

"நூத்தியம்பது, அக்கா."

"வெறும் மணிதானே? எண்பதுக்குக் கொடு."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. தொங்கும் மாலைகளைக் கண்ணால் காட்டினார். "அதுல கேளுக்கா, கொறைச்சுத் தர்றேன். அது பாரிஸ்ல வாங்கியாந்தது. இது நான் போட்டது." (பாரிஸ் என்றது சென்னைப் பாரிமுனையை.)

பிறகு நடந்ததுதான் இதை எழுத வைத்தது. பேரம் பேசிய நண்பரின் கையில் ஏற்கெனவே ஒரு மணிப்பட்டை இருந்தது. சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் 1,400 ரூபாய்க்கு வாங்கியது. அந்த அம்மாள் உரிமையோடு கையைப் பிடித்துத் திருப்பி, பட்டையின் உட்புறத்தைப் பார்த்தார். "நல்ல மணி. எல்லாம் ஒரே அளவு. ஆனா முடிச்சை ஓரத்துல விட்டுப் பசை வச்சிருக்காங்க. வேர்வை பட்டா விட்டுரும்." தை பிறப்பதற்குள் அது விட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கண்காட்சியில் அந்த 1,400 ரூபாயை ஒரு சொல் பேரமின்றிக் கொடுத்தோம். விற்றவரை 'நீங்கள்' என்றோம். அவர் தந்த சிறு அட்டையில் 'கையால் வடிவமைக்கப்பட்டது' என்று அச்சிட்டிருந்ததைப் படித்து மகிழ்ந்தோம். திருத்தணியில் அதே வேலையை எங்கள் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தவரிடம் 'வெறும் மணி' என்றோம். வயதில் மூத்தவரிடம் 'கொடு' என்று ஒருமையில் பேசினோம். ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் கலை என்றும் மற்றோரிடத்தில் ஊசிமணி பாசிமணி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். விலையை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பெயர்தான், மணியன்று, உழைப்புமன்று. இதுவே எங்கள் கட்சி.

உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நாங்கள் அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். பட்டையின் அகலத்துக்கு 11 மணி. நீளத்துக்கு 81 வரிசை. ஆக 891 மணிகள். ஒவ்வொரு புது மணியையும் ஊசியில் எடுத்து, முந்தைய வரிசையில் அதற்கு நேரே இருக்கும் மணிக்குள் ஊசியை விட்டு, திரும்பவும் புது மணி வழியாக இழுக்க வேண்டும். ஒரு மணிக்குப் பத்து நொடி என்று தாராளமாகக் குறைத்து வைத்தாலும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். (தமிழில் இந்தக் கணக்கை எழுதுவது சிரமம், எந்த மணி எந்த மணி என்று வாசகர் தடுமாறக்கூடும்.) கொக்கி பிணைப்பது, நரம்பை மறைப்பது, தவறிப்போன வரிசையைப் பிரித்துப் போடுவது எல்லாம் இதற்கு வெளியே.

ஆனால் மணிக்கூலி வாதத்தை நாங்கள் அதிகம் நம்பவில்லை. அது அவரைக் கூலியாளாகத்தான் காட்டுகிறது. எங்களை அங்கே உட்கார வைத்தது வேறு. ஏன் 81 வரிசை என்று கேட்டோம். அவர் சொன்னதை எங்கள் மொழியில் சொன்னால் இப்படி வரும். அகலத்துக்கு 11 மணி வைப்பது, நடுவில் ஒரு மணி தனித்து நிற்க வேண்டும் என்பதற்காக. இரட்டைப்படையில் வைத்தால் வடிவத்துக்கு முனை வராது, மழுங்கிவிடும். ஒரு வைர வடிவம் முனையிலிருந்து முனைவரை 11 வரிசை பிடிக்கும். அடுத்தடுத்த வைரங்கள் முனை வரிசையைப் பங்கிட்டுக்கொள்வதால் பத்துப் பத்தாக நீளும். எட்டு வைரம் போட்டால் 81 வரிசை சரியாக வந்துவிடும். ஆனால் அவர் ஏழுதான் போட்டிருந்தார். ஏழுக்கு 71 வரிசை. மிச்சம் பத்தை இரு முனையிலும் ஐந்தைந்தாக ஒரே நிறத்தில் விட்டு, கொக்கிக்கு இடமாக்கியிருந்தார். கணக்குச் சுலபமாக வரும்போது எட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டோம்.

"எட்டு வச்சா நடுவுல மூஞ்சி இருக்காதுக்கா."

கையில் கட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. எட்டு இருந்தால் மணிக்கட்டின் மேற்புறத்தில், கண் முதலில் விழும் இடத்தில், இரண்டு வைரங்கள் சந்திக்கும் மெலிந்த முனை வந்து நிற்கும். ஏழு இருந்தால் நான்காவது வைரம் முழுமுகத்தோடு அங்கே உட்காரும். இதற்கு வடிவமைப்பு என்பதைத் தவிர வேறு பெயர் என்ன? இதை அவர் காகிதத்தில் கட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு தாளும் அங்கே இல்லை.

மணியைத் தேர்வதிலும் இதே தீர்க்கம். மலிவான கண்ணாடி மணிகள் ஒரே அளவில் வருவதில்லை. ஒன்று பருத்திருக்கும், ஒன்று வட்டாக இருக்கும். கண்காட்சிப் பட்டையில் இருந்த ஜப்பானிய மணிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. யார் கோத்தாலும் சமமாக வரும். இவர் தட்டில் கொட்டி விரலால் துழாவி, பருத்தவற்றை ஓரத்துக்கும் மெலிந்தவற்றை நடுவுக்கும் ஒதுக்குகிறார். பட்டை லேசாக வளைந்து கையோடு படிவது அதனால்தான். பொருளின் குறையை வடிவத்தின் குணமாக மாற்றும் இந்த வேலையை நாம் கவிதையில் கண்டால் பத்துப் பக்கம் எழுதுவோம்.

கண்ணாடி மணியில் இன்னொரு சிக்கல் உண்டு. நீண்ட கண்ணாடிக் குழலைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் இத்தகைய சிறு மணிகளைச் செய்கிறார்கள். நறுக்கிய விளிம்பு கூர்மையாக இருந்தால் நாளடைவில் நூலை அறுத்துவிடும். இதற்குத் தீர்வு கண்டவர்கள் நம் கடற்கரையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த எண்ணற்ற சிறு கண்ணாடி மணிகள் இந்த வகையின. இழுத்த குழலை நறுக்கி, துளை அடைபடாமல் சாம்பலில் புதைத்து மீண்டும் சூடேற்றினால் விளிம்பு உருகி வழவழப்பாகும். இந்த மணிகள் தென்கிழக்காசியாவெங்கும் பரவியதால் ஆய்வாளர்கள் 'இந்திய பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார்கள். மலாய் மொழியில் மணிக்கு இன்றும் 'மானிக்' என்றுதான் பெயர்.

இதைத் திருத்தணியில் இருந்துகொண்டு ஏன் சொல்கிறோம் என்றால், அந்தத் தொழில்முறையை அழியவிடாமல் காத்த ஊர் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ரேணிகுண்டாவுக்குப் பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலும் உலைகளில் கண்ணாடிக் குழல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணிகளின் வரலாற்றையே வாழ்க்கையாக்கிக்கொண்ட பீட்டர் பிரான்சிஸ் அங்கே வந்து பார்த்து, அரிக்கமேட்டு முறை இதுவே என்று எழுதினார். திருத்தணியும் 1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தை நினைவுகூரும் நாம், எல்லைக்கு இப்பால் வந்த கோயிலைக் கொண்டாடுகிறோம். எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட உலைகளை மறந்துவிட்டோம். மணிக்கு எல்லை தெரியாது என்பதுதான் அந்த அம்மாளின் மூன்று மொழிகளுக்கும் பொருள்.

அவர்களைப் பற்றியும் சில சொற்கள். நரிக்குறவர் என்று நாம் அழைக்கும் மக்கள் தங்களை வாக்ரி என்கிறார்கள். அவர்களுடைய வாக்ரிபோலி இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. குஜராத்தி, ராஜஸ்தானி மொழிகளுக்கு உறவு. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலக் குறவரோடு இவர்களை ஒன்றாக்கிப் பேசுவது பெயர் ஒற்றுமையால் வந்த பிழை. நரியும் குருவியும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. அதுவரை பக்கத்தில் இருந்த மணித்தொழில் பிழைப்பின் நடுவுக்கு வந்தது. பழங்குடிப் பட்டியலில் இவர்களைச் சேர்க்கலாம் என்று 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு ஆண்டுகள். சான்றிதழ் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் உதவும், உதவட்டும். மடியில் இருக்கும் பட்டையின் விலையைச் சான்றிதழ் உயர்த்தாது.

இலக்கியம் உயர்த்தியிருக்கிறதா? நம் துறை என்பதால் இதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியைத் தேடிக் களைத்த சிங்கன், அவளைக் கண்டதும் அவள் உடம்பிலுள்ள ஒவ்வோர் அணியையும் பார்த்து இது என்ன, இது என்ன என்று மிரண்டு கேட்பான். அவள் ஒவ்வொன்றும் எந்த ஊரில் பரிசாகக் கிடைத்தது என்று அடுக்குவாள். திரிகூடராசப்பக் கவிராயரின் நகைச்சுவை அங்கே உச்சத்தில் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நகை எல்லாம் வாங்கியவை. குறத்தி செய்தது என்று ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அவள் குறி சொல்லலாம், ஆடலாம், பெறலாம்; ஆக்கக்கூடாது. அந்தக் குறத்தி வேறு, இந்த வாக்ரிப் பெண் வேறு என்று சற்றுமுன் நாங்களே சொன்னோம். ஆனால் மேடை இருவரையும் ஒரே உடுப்பில் நிறுத்திவிட்டது. 1968இல் வந்த 'ஒளி விளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடிய காட்சி அதற்குப் பின் எத்தனை பள்ளி ஆண்டு விழாக்களில் மாறுவேடமாக அரங்கேறியிருக்கும்! அந்தக் குழந்தைகளின் கழுத்தில் கொத்துக்கொத்தாக மணி தொங்கும். யார் கோத்தது என்று எந்த ஆசிரியரும் கேட்டிருக்க மாட்டார்.

இந்த ஊரில் இதை நினைக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சூரனோடு பொருத சினம் தணிந்த இடம் என்பதோடு, வேடர் குலத்தில் வளர்ந்த வள்ளியை மணந்து முருகன் வந்தமர்ந்த மலையும் இது. வள்ளியை மயக்க அவன் எடுத்த வேடங்களில் வளையல் செட்டி வேடமும் ஒன்று என்பது மக்கள் வழக்கு. வேடுவப் பெண்ணின் கையைத் தொடுவதற்குத் தெய்வமே வளையல் விற்றதாகக் கதை சொல்லும் ஊரின் படிக்கட்டில், வேட்டைத் தொழில் போன ஒரு குலத்துப் பெண் நம் கைக்கு வளை விற்கிறார். தெய்வம் பேரம் பேசியதா என்று கதை சொல்லவில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று. கையும் முன்கையும் சேரும் இடத்துக்குத் தமிழில் மணிக்கட்டு என்று பெயர். வடமொழியிலும் மணிபந்தம், மணி கட்டும் இடம். உடலின் ஓர் உறுப்புக்கே இந்த அணியால் பெயர் வைத்த மொழி, அதைச் செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல பெயர் வைக்கவில்லை. பூத் தொடுப்பவர், கூடை முடைபவர், பானை வனைபவர் என்று வினைக்கேற்ற சொல் ஒவ்வொருவருக்கும் உண்டு. மணி நெய்கிறவரை 'பாசி விக்கிறவங்க' என்கிறோம். விற்பதை மட்டும்தான் பார்க்கிறோம்.

மற்ற நாட்டார் இதில் நம்மைவிடச் சற்றுத் தேவலாம். மேலை நாடுகளில் மணிவேலை கற்பிக்கும் நூல்களில், இரண்டிரண்டு மணிகளாகச் சாய்ந்து ஓடும் ஒரு பின்னலுக்குத் தென்னாப்பிரிக்க இனத்தவரின் பெயரால் 'இண்டெபெலே' என்று பெயர். செங்கல் அடுக்கியதுபோல் வரும் மற்றொன்றை, வட அமெரிக்கப் பழங்குடியினரின் சடங்குப் பொருள்களில் இருந்ததை வைத்துப் 'பெயோட்டி' என்கிறார்கள். அந்த மக்களின் நிலத்தையும் வாழ்வையும் வெள்ளையர் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. பெயர் வைத்தவுடன் நீதி வந்துவிடாது. என்றாலும் சிகாகோவிலும் பெர்லினிலும் ஊசியெடுக்கும் ஒருவர், தாம் போடுவது இன்னார் பின்னல் என்று சொல்லியே தொடங்குகிறார். சென்னையில் வாரயிறுதி வகுப்புகளில் இதே பின்னல்களை அயல்நாட்டுப் பெயர்களோடு கற்கிறோம். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கற்கலாம் என்று எங்களுக்கும் அன்றுவரை தோன்றியதில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவோம். கோயில் வாசலில் விற்பதெல்லாம் கைவேலை இல்லையே, பெரும்பகுதி மொத்தக் கடைச் சரக்குத்தானே என்பது முதலாவது. உண்மை. அந்த அம்மாளே அதை மறைக்கவில்லை. நாம் எதையும் வேறு பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கேட்பதால்தான் தொங்கும் கடை வளர்கிறது, மடிக்கடை சுருங்குகிறது. இரண்டரை மணி நேரம் நெய்ததற்கும் பாரிமுனையில் டஜன் கணக்கில் வாங்கியதற்கும் ஒரே எண்பது ரூபாய் என்றால் எந்தப் பெண் ஊசியெடுப்பாள்? அவருடைய மகள்களில் யாரும் பட்டை போடுவதில்லை. தொங்கும் மாலையோடு ரயிலில் போகிறார்கள். அதில் கண்வலி இல்லை என்றார்.

இரண்டாவது மறுப்பு, ஏழை என்று இரங்கிக் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவதே நல்லது, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்பது. இதை முதலாவதைவிட மோசமாக நினைக்கிறோம். இரக்கத்தில் வாங்குகிறவர் பொருளைப் பார்ப்பதில்லை. வாங்கிப் பையில் போட்டு வீட்டில் மறந்துவிடுகிறார். அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது பார்வை. நாங்கள் ஏழா எட்டா என்று கேட்டபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. பணம் கொடுத்தபோது இல்லை.

ஆகவே வாசகர்கள் எந்தக் கோயில் வாசலுக்குப் போனாலும், விலை கேட்பதற்கு முன் எது நீங்கள் போட்டது என்று கேளுங்கள். கேட்டபின் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் யாரையும் ஏமாற்றும், உட்புறம் ஏமாற்றாது. நூல் முனை நடுவரிசைக்குள் இரண்டு மூன்று முறை போய்த் திரும்பி மறைந்திருந்தால் நீடிக்கும். ஓரத்தில் பசை மினுங்கினால் நீடிக்காது. வளைத்துப் பாருங்கள்; மணிகளுக்கிடையே நரம்பு வெள்ளையாகத் தெரிந்தால் இழுப்புப் போதவில்லை. பட்டை விறைத்து மடங்க மறுத்தால் இழுப்பு மிஞ்சிவிட்டது. வைரம் மணிக்கட்டின் நடுவில் உட்காருகிறதா என்று கட்டிப் பாருங்கள். குறை இருந்தால் குறையைச் சொல்லி விலை பேசலாம். அது அவமதிப்பல்ல, அது இரு தொழில் தெரிந்தவர்களின் பேச்சு. 'வெறும் மணிதானே' என்பதுதான் அவமதிப்பு.

அன்று கேட்ட விலை கொடுத்து இரண்டு வாங்கினோம். மூன்று பட்டைகளுக்குச் சொல்லியும் வைத்தோம். அவர் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் நூலால் சுற்றி, அளவில் ஒரு முடிச்சுப் போட்டு, எது யாருடையது என்று நினைவிருக்க நூலின் நுனியில் ஒருவருக்குச் சிவப்பு மணி, ஒருவருக்கு நீலம், ஒருவருக்குக் கறுப்பு என்று கோத்து முந்தானையில் முடிந்துகொண்டார். சொல்லி வைத்தால் 200 ரூபாய், பாதி முன்பணம் என்றார். ஏற்கெனவே உடைந்த கண்காட்சிப் பட்டையின் மணிகளைக் கொண்டுவந்து கொடுத்தால் அதையும் திரும்பப் போட்டுத் தருவாரா என்று தை மாதக் கிருத்திகைக்குப் போனபோது நண்பர் கேட்டார். மணிகளைக் கையில் கொட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, போடலாம், ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் ஓரத்துக்குத் தம்முடைய மணியைத்தான் வைப்பேன், சம்மதமா என்று கேட்டார்.